நேரமில்லாதவர் வலைப்பூ நடத்துவது எப்படி: ஒரு மருந்துக்கடைக்காரியின் கணக்கு

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில், பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து மருந்துக்கடை ஒன்றில் பார்மசிஸ்ட்டாக இருக்கிறேன். காலை ஒன்பது முதல் ஒன்றரை வரை, மாலை நாலரை முதல் ஒன்பதரை வரை கடை. நடுவில் இருக்கும் மூன்று மணி நேரத்தைச் சோறு, துணி, பையனின் வீட்டுப்பாடம் மூன்றும் பங்கு போட்டுக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை மதியத்தோடு கடையை அடைத்துவிடுவோம். இதற்குள்தான் 2012 முதல் ஒரு வலைப்பூ ஓடிக்கொண்டிருக்கிறது. திருநெல்வேலிக் குளங்களுக்கு வந்து போகும் பறவைகளைப் பற்றியது. மாதம் இரண்டு பதிவு. பெரிய கூட்டமெல்லாம் கிடையாது. ஆனால் ஒரே ஒரு தடவை தவிர நின்றதில்லை.

"உனக்கு எங்கேயிருந்து நேரம் கிடைக்குது?" என்று கேட்கிறார்கள். கிடைக்கவில்லை. நிஜமாகவே நேரம் கிடைத்தால் படுத்துத் தூங்கிவிடுவேன். நான் செய்தது ஒன்றுதான்: எழுத்து வேலையை, இரண்டு பில்லுக்கு நடுவில் முடித்துவிடக்கூடிய துண்டுகளாக வெட்டிக்கொண்டேன். உட்கார்ந்து எழுதுவது மாதத்தில் இரண்டு ஞாயிறு, தலா நாற்பது நிமிடம். மற்றதெல்லாம் நின்றபடியே நடக்கிறது.

முதலில் குறைக்க வேண்டியது

ஆரம்பத்தில் என் வலைப்பூவில் எல்லாமே இருந்தன. சொதிக் குழம்பு, கவிதை, பயணம், பறவை, பாட்டி வைத்தியம். அப்போது 2004இல் தொடங்கிய தமிழ்மணம் திரட்டி, அதாவது தமிழ் வலைப்பூப் பதிவுகளை ஒரே இடத்தில் சேர்த்துக் காட்டும் தளம், நன்றாக நடந்துகொண்டிருந்தது. பதிவைப் போட்டால் அங்கே இணைக்க வேண்டும், ஓட்டு வாங்க வேண்டும். பின்னூட்டத்தில் "அருமை, த.ம. 3" என்று எழுதிவிட்டுப் போவார்கள். மூன்றாவது ஓட்டு என்னுடையது என்று அர்த்தம். பழைய பதிவர்களுக்கு இதைப் படிக்கும்போது சிரிப்பு வரும். ஓட்டுப் போட்டவர்களின் வலைப்பூவுக்கு நாமும் போய் மொய் எழுதிவிட்டு வர வேண்டுமே! ஒரு பதிவுக்கு ஒரு மணி நேரம் என்றால், மொய்க்கு இரண்டு மணி நேரம். ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு யாரோ ஒருவருடைய கொடைக்கானல் பயணத்துக்கு "படங்கள் அருமை" எழுதிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் கடையில் ஒரே பெயர்ச் சாயல் உள்ள இரண்டு மாத்திரைகளில் தவறான பட்டையை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டேன். கொடுப்பதற்கு முன்னாலேயே கவனித்துவிட்டேன், நல்லவேளை. கடை முதலாளி அண்ணாச்சி திட்டவில்லை. "ராத்திரி என்னத்துக்கு முழிக்கே?" என்று மட்டும் கேட்டார். அன்றைக்கே மொய் எழுதுவதை விட்டேன். ஓட்டுப் பட்டையைத் தூக்கினேன். மறுவாரம் சமையல், கவிதை, வைத்தியம் மூன்றையும் நிறுத்தினேன். கவிதையை நிறுத்தியதில் யாருக்கும் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

எதை வைத்துக்கொள்வது என்பதற்கு நான் வைத்திருக்கும் விதி: தேடிப் போகாமல் தினமும் உங்கள் வழியில் வந்து நிற்கிற விஷயமாக இருக்க வேண்டும். தையல் கடை வைத்திருப்பவர் சினிமா விமர்சனம் எழுத ஆரம்பித்தால் படம் பார்க்கவே வாரம் மூன்று மணி நேரம் போய்விடும். பிரித்துத் தைக்க வரும் பழைய ரவிக்கைகளைப் பற்றி எழுதினால் அந்த மூன்று மணி நேரம் மிச்சம், கூலியும் வந்துவிடும். எனக்கு வழியில் வருவது குளம். வீட்டிலிருந்து கடைக்கு வேய்ந்தான்குளம் பக்கம் சுற்றி வந்தால் ஐந்து நிமிடம்தான் கூடுதல். அம்மா வீடு டவுனில், நயினார்குளத்துக்குப் பக்கத்தில். காய்கறி வாங்கப் போகிற சாக்கில் அந்தக் குளத்தையும் பார்த்துவிடலாம்.

மருந்தும்தானே தினமும் கண்ணெதிரே இருக்கிறது, அதை எழுதலாமே என்று கேட்பீர்கள். எழுதிப் பார்த்தேன். "பிள்ளைக்குக் காய்ச்சல், எத்தனை மில்லி கொடுக்கலாம்?" என்று ராத்திரி பத்து மணிக்குக் கேள்வி வந்தது. பிள்ளையின் எடை தெரியாது, வேறென்ன மருந்து உள்ளே போயிருக்கிறது என்று தெரியாது. பதில் சொன்னாலும் தப்பு, சொல்லாமல் படுத்தாலும் தூக்கம் வராது. ராத்திரி பதில் சொல்லியே ஆக வேண்டிய எதையும் நேரமில்லாதவர்கள் எழுதாமல் இருப்பது நல்லது.

சரக்கு சேர்க்கும் வேலை

வெள்ளைத் திரைக்கு முன் உட்கார்ந்து "இன்றைக்கு என்ன எழுதலாம்" என்று யோசிப்பதுதான் நேரத்தைத் தின்பது. எழுதுவது அவ்வளவு தின்னாது. அதனால் யோசனையை மேசைக்கு வெளியே தள்ளிவிட்டேன்.

முதலில் கிழித்த பில்லின் பின்பக்கத்தில் குறித்தேன். கடையில் அதற்குப் பஞ்சமே இல்லை. ஆனால் சட்டைப்பை இல்லாத உடுப்பில் துண்டுச்சீட்டு எத்தனை நாள் உயிரோடு இருக்கும்? துவைத்த துப்பட்டா முனையில் கூழாகிக் கிடந்த சீட்டுகள் பல. அப்புறம் வாட்ஸ்அப்புக்கு மாறினேன். இப்போது நம் எண்ணுக்கே நாம் செய்தி அனுப்பிக்கொள்ளலாம். அப்போது அந்த வசதி கிடையாது. ஒரு குழு தொடங்கி, மகளைச் சேர்த்து, உடனே அவளை நீக்கிவிட்டு நான் மட்டும் இருந்துகொண்டேன். "என்னை ஏம்மா தூக்குன?" என்று ஒரு வாரம் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் குழுவின் பெயர் 'குளம்'. இன்றுவரை அதில்தான் எல்லாம் போகிறது.

கையால் தட்டுவதைவிடப் பேசிப் பதிவது வேகம். கூகுள் விசைப்பலகையில் 2017 முதல் தமிழ்க் குரல் உள்ளீடு இருக்கிறது. மைக் படத்தைத் தொட்டுவிட்டுப் பேசினால் எழுத்தாக வந்துவிடும். குளக்கரையில் ஸ்கூட்டியை ஓரமாக நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, இருபது விநாடி பேசினால் போதும். ஓடும் வண்டியில் செய்யாதீர்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. பறவைப் பெயர்களை அது தன் இஷ்டத்துக்கு மாற்றும். முக்குளிப்பான் 'மூக்கு களிப்பான்' ஆனது. இலைக்கோழி 'இல்லை கோழி' ஆனது. அன்றைக்கே திருத்தினால் சரி. பத்து நாள் கழித்து 'இல்லை கோழி' என்று பார்த்தால், கோழி இல்லை என்று எழுதினேனா, கறிக்கடைக் கணக்கா என்று முழிக்க வேண்டியதுதான். அதனால் பேசியதை ஒரு தடவை பார்த்து, பெயரை மட்டும் அங்கேயே திருத்துகிறேன். மற்ற பிழைகளை ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.

என்ன குறிப்பது என்பதிலும் ஒரு பழக்கம் வேண்டும். கருத்தைக் குறிக்காதீர்கள், கண்ணில் பட்டதைக் குறியுங்கள். 'குளங்கள் பாழாகின்றன' என்று குறித்து வைத்தால் பின்னால் அதிலிருந்து ஒரு வரிகூட முளைக்காது. 'மடைக்குப் பக்கத்தில் பழைய மெத்தை, அதன்மேல் மூன்று நீர்க்காகம் சிறகு காயப்போடுகின்றன' என்று குறித்தால் பதிவே அங்கிருந்து தொடங்கிவிடும். நாள், இடம், எண்ணிக்கை மூன்றும் கட்டாயம். எண்ணிக்கைக்கு எனக்கு ஈபேர்ட் செயலி இருக்கிறது. பார்த்த பறவைகளை அதில் ஏற்றினால் தேதி, நேரம், இடம் எல்லாம் தானாகவே நின்றுவிடும். பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று எண்ணினால் போதும். வருடாவருடம் அந்தப் பட்டியலே எனக்குப் பாதிப் பதிவு.

ஒரு பதிவைத் தைப்பது

ஞாயிறு மூன்று மணிக்கு உட்கார்ந்து, மூன்று நாற்பதுக்குப் போனில் அலாரம் வைக்கிறேன். குழுவைத் திறந்து, ஒரே குளத்தைப் பற்றியோ ஒரே பறவையைப் பற்றியோ நாலைந்து துண்டு சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பேன். சேர்ந்திருந்தால் அதுதான் அந்த வாரப் பதிவு. சேராவிட்டால் கட்டாயப்படுத்துவதில்லை. தயாராக இருக்கும் வேறொன்று போகும்.

ஓர் ஆடி மாதத்தில் சேர்ந்த துண்டுகள் இவை, அப்படியே தருகிறேன்.

'நயினார்குளம். கால்வாய்த் தண்ணி வந்துட்டு. ஆகாயத்தாமரை மேல ஒண்ணு நடக்கு. வால் ரொம்ப நீளம்.'

'கால்விரல்! சிலந்தி மாதிரி விரிச்சு வைக்கு.'

'அம்மாட்ட காட்டினேன். இது கோழியுமில்ல கொக்குமில்ல, என்னத்தட்டி காட்டுதன்னா.'

'நீளவால் இலைக்கோழி. அடைகாக்கிறது ஆண்.'

'அம்மா: அப்ப பொம்பள என்ன செய்யும்?'

ஐந்து துண்டும் ஒன்பது நாளில் வந்தவை. எல்லாம் சேர்த்தும் மூன்று நிமிடம் ஆகியிருக்காது. தைக்கும்போது நான் செய்வது இதுதான். மனிதர் பேசிய துண்டை முதலில் வைப்பேன். அடுத்து கண்ணால் பார்த்தது. அதற்குப் பின்னால்தான் புத்தகத்தில் படித்தது. எனக்குத் தெரியாத ஒன்றைக் கேள்வியாகக் கடைசியில் விட்டுவிடுவேன். இந்தச் சட்டகம் மாறுவதே இல்லை. படிப்பவர்களுக்கு இது சலிக்குமோ என்று முன்பு பயந்தேன். சட்டகத்தை யாரும் கவனிப்பதில்லை. கவனிக்கிற அளவுக்கு அடிக்கடி நான் எழுதுவதும் இல்லை.

பதிவு இப்படி ஆரம்பித்தது: "'இது கோழியுமில்ல, கொக்குமில்ல' என்றாள் அம்மா. நயினார்குளத்து ஆகாயத்தாமரை மேல் அது தரையில் நடப்பதுபோல நடந்துகொண்டிருந்தது. எடையை அத்தனை நீள விரல்களுக்கும் பங்கு போட்டுக் கொடுத்துவிடுவதால் இலை மூழ்குவதில்லை." அப்புறம், பெண் முட்டையிட்டுவிட்டுப் போக, ஆணே அடைகாத்துக் குஞ்சுகளையும் பார்த்துக்கொள்ளும் சங்கதி. பெண் அடுத்த ஆணைத் தேடிப் போய்விடும் என்பதை அம்மாவிடம் சொன்னபோது அவள் முகம் போன போக்கு. கடைசியில், இந்தக் குளத்தில் ஒரு பெண்ணுக்கு எத்தனை ஆண் இருக்கும் என்ற கேள்வி. மொத்தம் 310 சொல். அலாரம் அடிக்க ஆறு நிமிடம் இருக்கும்போதே முடிந்துவிட்டது.

நானூறு சொல்லைத் தாண்டினால் நிறுத்திவிடுவேன். மிச்சம் இருப்பது அடுத்த பதிவின் முதல் துண்டு. இந்தக் கட்டுரை தாண்டிவிட்டது, தெரியும். இது மூன்று ஞாயிற்றுக்கிழமைச் சரக்கு.

தட்டச்சு பற்றி ஒரு வார்த்தை. நானும் ஆங்கில எழுத்தில் அம்மா என்று அடித்து, அது தமிழாக மாறுவதைப் பார்த்து மகிழ்ந்தவள்தான். ஆறு வருடம் அப்படியே போனது. பிறகு தமிழ்99 விசைப்பலகை பழகினேன். முதல் பத்து நாள் எரிச்சலாக இருக்கும், மறைக்க மாட்டேன். உயிரெழுத்தெல்லாம் இடது கை, மெய் பெரும்பாலும் வலது கை. க-வை இரண்டு தடவை தட்டினால் முதல் க-வுக்குப் புள்ளி தானாக விழுந்து க்க ஆகிவிடும். ங-வுக்குப் பின் க வந்தாலும் அப்படியே. புள்ளி வைக்கும் வேலை பாதி மிச்சம். மூன்றாவது வாரம் என் நாற்பது நிமிடத்தில் பத்து நிமிடம் மீந்தது.

எந்த நாளில் போடுவது

ஒன்றாம் தேதி, பதினைந்தாம் தேதி என்று வைத்திருந்தேன். மருந்துக்கடையில் மாத முதல் வாரம் என்றால் என்னவென்று தெரியுமா? சம்பளம், பென்ஷன் வந்த கையோடு மாதம் முழுமைக்குமான பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை வாங்க ஊரே நிற்கும். தண்ணீர் குடிக்க முடியாது. பதிவு எங்கே போடுவது? அதனால் அமாவாசை, பௌர்ணமி என்று மாற்றிக்கொண்டேன். நாள்காட்டியில் அச்சடித்தே வருகிறது, நினைவு வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. மாமியார் நல்ல நாள் சொல்லும்போதே எனக்கும் ஞாபகம் வந்துவிடும். அமாவாசை முதல் வாரத்தில் வந்து விழுந்தாலும் பிரச்சினை இல்லை, ஏனென்றால் பதிவு முன்கூட்டியே ஏற்றப்பட்டிருக்கும்.

வலைப்பூ நடத்த இடம் தரும் பிளாகரிலும் வேர்ட்பிரஸ்ஸிலும் பதிவுக்கு எதிர்காலத் தேதியும் நேரமும் கொடுத்து வைத்துவிடலாம். சொன்ன நேரத்தில் அதுவே வெளிவந்துவிடும். நேரமில்லாதவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. ஆனால் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் முதல் தடவை காலை ஆறு மணி என்று குறித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். விடிந்து பார்த்தால் பதிவைக் காணோம். மதியமும் இல்லை. கடையில் சாயங்காலக் கூட்டத்துக்கு நடுவே, ஆறரை மணிக்கு வந்து குதித்தது. அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தால் என் வலைப்பூ அமெரிக்க மேற்குக் கரை நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவர்களுக்கு விடிகாலை ஆறு, கோடையில் நமக்கு மாலை ஆறரை. நேர மண்டலத்தைக் கொல்கத்தா, ஐந்தரை மணி என்று மாற்றினேன். இரண்டு வருடமாக மாற்றாமலே எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

எப்போதும் நான்கு பதிவு கையிருப்பில் இருக்க வேண்டும். கடையில் குறைந்தபட்ச இருப்பு என்று ஒன்று வைத்திருப்போம் இல்லையா, பாராசிட்டமால் அதற்குக் கீழே போனால் ஸ்டாக்கிஸ்ட்டுக்குப் போன் போடுவதுபோல. நான்கு பதிவு என்றால் இரண்டு மாதம். பிள்ளைகளுக்குப் பரீட்சை, ஊர்க்கொடை, கல்யாண வீடு எல்லாம் அதற்குள் அடங்கும். கையிருப்பிலும் சீக்கிரம் காலாவதி ஆவதுதான் முதலில் போக வேண்டும். சூறைக்குருவிகள் கூட்டம் கூட்டமாக அடையும் சங்கதியைக் குளிர்காலத்திலேயே போட்டாக வேண்டும். ஏப்ரலுக்குள் அவை வந்த திசையைப் பார்த்துத் திரும்பிவிடும். தையல்சிட்டு எங்கேயும் போவதில்லை, அது காத்திருக்கட்டும்.

படம்

ஒரு பதிவுக்கு ஒரு படம். என்னிடம் இருப்பது போன் மட்டும்தான். அதில் கூழைக்கடாவை எடுத்தால் வெள்ளைப் பொட்டாகத் தெரியும். நல்ல காமிரா வாங்க வேண்டும் என்று இரண்டு வருடம் ஏங்கிவிட்டு, அந்த ஏக்கத்தையும் விட்டேன். பறவையை விட்டுவிட்டு இடத்தை எடுக்க ஆரம்பித்தேன். மடை, படித்துறை, ஒற்றைக் காலடித் தடம், சேற்றில் கிடக்கும் இறகு. பறவையின் படம் வேண்டியே தீரும் என்றால் விக்கிமீடியா பொதுவகம் என்ற இலவசப் படக் களஞ்சியத்தில் எடுத்து, எடுத்தவர் பெயரையும் உரிம விவரத்தையும் கீழே போடுகிறேன். கூகுளில் தேடி வருவதை எடுத்து ஒட்டாதீர்கள். அது இன்னொருவர் வெயிலில் காத்துக் கிடந்து எடுத்தது. கூடு இருக்கும் இடத்தைத் துல்லியமாகக் காட்டும் படத்தையும் போடுவதில்லை.

பின்னூட்டம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஞாயிறு அந்த நாற்பது நிமிடத்துக்கு முன்னால் ஐந்து நிமிடம், அவ்வளவுதான். இரண்டு வாரத்துக்கு மேல் பழசான பதிவுகளுக்கு வரும் பின்னூட்டங்கள் என் அனுமதி இல்லாமல் வெளிவராதபடி அமைப்பில் வைத்துவிட்டேன். கடன் தருகிறோம், வசியம் செய்கிறோம் என்பவர்கள் பழைய பதிவுகளில்தான் குடியேறுவார்கள். வருகைக் கணக்கைப் பார்ப்பது வருடத்துக்கு ஒரு தடவை. தினமும் பார்த்த காலத்தில் எழுதியதைவிட எண்ணியதே அதிகம். வார்ப்புருவை, அதாவது வலைப்பூவின் தோற்றத்தை, மாற்றுவது இன்னும் மோசம். ஒரு ஆயுதபூஜை விடுமுறை முழுவதையும் தலைப்பின் நிறத்தை நீலத்திலிருந்து பச்சையாக்கி, மறுபடி நீலமாக்குவதில் கழித்திருக்கிறேன்.

காலாவதி பார்ப்பது

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடையில் அலமாரி அலமாரியாகத் தேதி பார்ப்போம். தேதி நெருங்கியதை எடுத்து முன்னால் வைப்போம், முடிந்ததை ரிட்டர்ன் பெட்டியில் போடுவோம். அதே வாரத்தில் வலைப்பூவிலும் பத்து பழைய பதிவுகளைத் திறந்து பார்க்கிறேன்.

2016இல் கூந்தன்குளம் போய்வந்து எழுதிய பதிவு ஒன்று. 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஊர். ஊருக்குள்ளேயே, வீட்டு வாசல் மரங்களில் மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டும். பறவை வந்தால்தான் ஊருக்கு நல்லது என்று நினைக்கிற மக்கள். எச்சம் தலையில் விழுந்தாலும் திட்டுவதில்லை. மத்திய ஆசியாவிலிருந்து இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகளைக் குளத்தில் பார்த்தோம். இதெல்லாம் இன்றைக்கும் அப்படியே நிற்கிறது. ஆனால் அந்தப் பதிவில் பஸ் நேரமும் எழுதி வைத்திருந்தேன், பெரிய உபகாரம் செய்வதாக நினைத்து. இரண்டே வருடத்தில் அது காலாவதி. ஒருவர் அதை நம்பிப் போய் நாங்குநேரியில் ஒன்றரை மணி நேரம் நின்றிருக்கிறார். அவர் எழுதிய பின்னூட்டத்தை நான் அழிக்கவில்லை, பஸ் நேரத்தை மட்டும் அழித்தேன். அன்று முதல் பஸ் நேரம், கட்டணம், போன் எண் எதையும் எழுதுவதில்லை. எழுதினால் வாழ்நாள் முழுவதும் திருத்திக்கொண்டிருக்க வேண்டும்.

இப்படிப் பார்க்கும்போது நன்றாக இருக்கும் பழைய பதிவை, புதிதாகப் பார்த்த இரண்டு வரியைச் சேர்த்து, தேதியை மாற்றி மேலே கொண்டுவந்துவிடலாம். மீள்பதிவு என்று தலைப்பிலேயே சொல்லிவிடுங்கள். பிளாகரில் தேதியை மாற்றினாலும் முகவரியில் பழைய வருடமும் மாதமும் அப்படியே இருக்கும். அதனால் யாரோ எங்கோ கொடுத்திருக்கும் இணைப்பு உடையாது. கோடையில் குளமெல்லாம் வறண்டு கிடக்கும்போது எனக்குச் சோறு போடுவது மீள்பதிவுதான்.

முடியாதபோது

நின்ற அந்த ஒரு தடவை 2020. ஊரடங்கில் எல்லோரும் வீட்டில் இருந்து தினம் ஒரு பதிவு போட்டார்கள். மருந்துக்கடைக்கு ஏது ஊரடங்கு? காலையில் கதவைத் திறப்பதற்கு முன்பே வரிசை நிற்கும். வீட்டுக்கு வந்தால் கொல்லைப்புறத்தில் குளித்துவிட்டுத்தான் உள்ளே நுழைய முடியும். கையிருப்பு நான்கும் தீர்ந்தது. அதற்குப் பிறகு மூன்று மாதம் ஒன்றுமில்லை. திரும்பி வந்தபோது, "நண்பர்களே, நீண்ட நாட்களாக எழுத முடியவில்லை, மன்னிக்கவும்" என்று தொடங்கி ஒரு பத்தி எழுதினேன். எழுதிவிட்டு அழித்தேன். யாரும் காத்திருந்து கோபித்துக்கொண்டிருக்கவில்லை. மடையான் பற்றிய பதிவைப் போட்டேன், வண்டி ஓட ஆரம்பித்தது.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தின்போது வேறு மாதிரி. கையிருப்பில் நான்கு பதிவு இருந்தது. ஆனால் ஊர் தண்ணீரில் கிடக்கும்போது தையல்சிட்டைப் பற்றிய பதிவு தானாக வெளிவந்தால் எப்படி இருக்கும்? முதலில் அதை நிறுத்தி வைத்தேன். இதை நினைவில் வையுங்கள், முன்கூட்டி ஏற்றி வைத்தவருக்கு ஊரில் என்ன நடக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கொஞ்சம் கரண்ட் வந்தபோது போனிலிருந்தே நான்கு வரி போட்டேன். 'கடை திறந்திருக்கிறது. ஜங்ஷன் பக்கம் போக முடியவில்லை. குளம் எது, ரோடு எது என்று தெரியவில்லை. நடுரோட்டில் ஒரு மடையான் நின்று மீன் பார்த்துக்கொண்டிருக்கிறது.' இத்தனை வருடத்தில் அதிகம் பேர் படித்தது அந்த நான்கு வரியைத்தான்.

பத்திரப்படுத்துவது

உலாவியிலேயே நேரடியாக எழுதாதீர்கள். ஒரு மீள்பதிவு முழுவதையும் அப்படி எழுதி, வெளியிடும் பொத்தானைத் தொடும் நேரத்தில் நெட் போய், எல்லாம் போயிற்று. போன் குறிப்பேட்டிலோ கூகுள் ஆவணத்திலோ எழுதி, பிறகு ஒட்டுங்கள். வருடத்துக்கு ஒருமுறை முழு வலைப்பூவையும் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். பிளாகரின் அமைப்புகளில் அதற்கு வழி இருக்கிறது. பதிவுகளும் பின்னூட்டங்களும் ஒரே கோப்பாக வந்துவிடும். படங்கள் அதற்குள் இருக்காது, அவற்றின் முகவரி மட்டும்தான் இருக்கும். அதனால் படங்களைத் தனி உறையில் வைத்திருக்கிறேன். கடையில் மார்ச் 31 கணக்கு முடிக்கும் அன்று ராத்திரி இதையும் செய்துவிடுகிறேன். அந்த ஒரு ராத்திரி எப்படியும் தூக்கம் கிடையாது.

இந்த வாரமே தொடங்கப் போகிறவர்கள், முதல் இரண்டு வாரம் எழுதவே எழுதாதீர்கள். வலைப்பூவுக்குப் பெயர் வைப்பதையும் தள்ளிப்போடுங்கள். அதில் இரண்டு நாள் போகும். உங்கள் எண்ணுக்கே ஒரு செய்திக் குழி தோண்டி, கண்ணில் படுவதை மட்டும் போட்டு வாருங்கள். நாளுக்கு ஒன்று போதும். பதினைந்தாவது நாள் திறந்து பாருங்கள். நாலைந்து துண்டு ஒரே விஷயத்தைச் சுற்றி நின்றுகொண்டிருந்தால் அதுதான் உங்கள் வலைப்பூவின் பொருள், நீங்கள் முன்பு நினைத்தது வேறாக இருந்தாலும். எனக்கு அப்படித் திறந்தபோது கவிதைக்கு ஒன்றுகூட இல்லை, நயினார்குளம் ஏழு தடவை இருந்தது.